கருப்பு மட்டும் வேண்டாம், சம்மந்தி

மாப்பிள்ளைக் கோட்டு வாடகைக்கு விடும் கடையில் உடம்பின் அளவு ஒரு பிரச்சினையே இல்லை, நிறம்தான் உயிரை வாங்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில் எங்கள் கடை. பத்தொன்பது வருடமாக அங்கே டேப்பும் கையுமாக நிற்கிறேன். பெயர் ராதா. வருகிறவர்களுக்கு அக்கா, அவர்களுடைய அப்பாக்களுக்கும் அக்கா. சேலைக்கடை, நகைக்கடை, மேடை அலங்காரம் என்று கல்யாணத் தொழிலில் எங்காவது நின்று கால் வலித்தவர்கள் இதைப் படித்தால் பாதியிலேயே தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் இப்போதைக்குச் சிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் கல்யாணம் வராமலா போய்விடும்?

விஷயம் இதுதான். காலையில் முகூர்த்தத்துக்கு வேட்டி சட்டை, அதில் யாருக்கும் சண்டை இல்லை. இரவு டின்னருக்கு மாப்பிள்ளை டக்சிடோ போட வேண்டும். மின்னுகிற சாட்டின் காலர் வைத்த கோட்டு, கழுத்தில் போ டை, இடுப்பில் மடிப்பு மடிப்பாக ஒரு சாட்டின் பட்டை, இதெல்லாம் சேர்ந்தால்தான் டக்சிடோ. அது பிறந்ததே கருப்பில். நமக்கோ நல்ல காரியத்தில் கருப்பு ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் எங்கள் முதலாளி கடை போட்டுப் பிழைக்கிறார். வெள்ளை, மெரூன், பச்சை, சாம்பல், நீலம் என்று வரிசையாகத் தொங்கும். கருப்பும் உண்டு, ஆனால் பின்னறையில், ஏதோ தப்பு செய்தது போல.

தையல் பக்கம் மெங். சாலாக் செலாத்தானில் நம்மவர்கள் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்த சீனர். என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், கெட்ட வார்த்தை உட்பட. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு சட்டம் சொன்னார். கடைக்குள் இருக்கும் டியூப் லைட் பொய் சொல்லும், அதனால் எந்தக் கோட்டையும் வாசல் அஞ்சடிக்குக் கொண்டுபோய் வெயில் வெளிச்சத்தில் காட்டாமல் கொடுக்கக் கூடாது. அன்று முதல் மாப்பிள்ளைகளை அஞ்சடி நடைபாதையில் நிறுத்தி வைத்துத்தான் நிறம் பார்க்கிறேன். ரோட்டில் போகிறவர்களும் நின்று பார்த்து, கேட்காமலேயே அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை

இத்தனை காலம் ஊரார் கல்யாணத்துக்கு நிறம் சொன்னவளுக்கு இந்த வருடம் சொந்தச் சோதனை வந்தது. என் மகன் தினேஷுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் கவிதா, கிள்ளானில் வீடு. பெண்ணின் அம்மா புனிதவதி, பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண்ணின் அப்பாவும் இருக்கிறார். பேச மாட்டார், பேச இடமும் கிடைக்காது.

சம்மந்தியம்மா மாதிரி ஒரு மனுஷியைப் பார்க்க முடியாது. தாலி எத்தனை பவுன் என்று கேட்கவில்லை. ஹால் எது, சாப்பாடு எது என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூத்த மகள் மலர்விழியின் கல்யாண டின்னரில் மாப்பிள்ளை கருப்புக் கோட்டில் வந்தாராம். பதினோரு மாதத்தில் மலர் பெட்டியோடு வீடு திரும்பிவிட்டாள். ஏன் என்று யார் கேட்டாலும் சம்மந்தியம்மா சொல்கிற பதில் ஒன்றுதான், அந்தக் கருப்புக் கோட்டு. இந்த முறையும் மாப்பிள்ளை கருப்பில் வந்தால் தான் மேடை ஏறப் போவதில்லை, ஆசீர்வாதமும் இல்லை, படமும் இல்லை என்றார். பெற்றவள் மேடை ஏறாத கல்யாணத்தை நம் ஊர் பத்து வருடம் பேசும். கவிதா குனிந்த தலை நிமிரவில்லை. மலர் எழுந்து தேத்தண்ணி கலக்கப் போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இது ஒரு நிபந்தனையா? கொல்லன் தெருவில் ஊசி கேட்கிறார்களே என்று நினைத்துக்கொண்டு, என் உசிரைக் கொடுத்தாவது கருப்பை வாசலிலேயே நிறுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கோட்டு கடையிலயே இருக்கீங்க. உங்களை நம்பித்தான் விடுறேன். கருப்பு மட்டும் வேண்டாம், சம்மந்தி."

வெள்ளை

என் மனசில் முதலில் இருந்தது வெள்ளை. மங்கலமான நிறம், யாரும் வாய் திறக்க முடியாது. தினேஷுக்கு ஒன்று எடுத்தும் வைத்துவிட்டேன்.

அந்த வாரம் பந்திங்கிலிருந்து ஒரு பையன் வெள்ளைக் கோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தான். கல்யாணம் நல்லபடியாக முடிந்ததா என்று வழக்கம்போலக் கேட்டேன். அவன் கோட்டைக் கவுண்டரில் வைத்தான். வலது கைப்பக்கம் குழம்புக் கறை. சாப்பிடும்போது சிந்தியதா என்றால் இல்லையாம், பரிமாறும்போது சிந்தியதாம். டின்னர் நடந்த ஹாலில் பரிமாறுகிற ஆட்களுக்கும் வெள்ளைக் கோட்டு, போ டை. விருந்தாளிகளைக் கும்பிட மேசை மேசையாக இவன் போயிருக்கிறான். பெண் வீட்டுப் பெரியவர்களுக்கு இவன் முகம் பழக்கமில்லை. ஐஸ் கேட்டிருக்கிறார்கள், அப்பளம் கேட்டிருக்கிறார்கள், ஒரு பெரியவர் எச்சில் தட்டை நீட்டியிருக்கிறார். மறுத்தால் மரியாதை இல்லையே என்று வாங்கிக்கொண்டானாம். முதல் நாளே மாமனார் வீட்டாரை முகம் கோண வைப்பானேன் என்று அவனுக்குப் பயம். அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. தினேஷுக்கு எடுத்து வைத்த வெள்ளையை அப்போதே திரும்பக் கொண்டுபோய் மாட்டினேன்.

"என் கல்யாணத்துல நானே மூணு மேசைக்குத் தண்ணி ஊத்துனேன் அக்கா. நாலாவது மேசையிலதான் என் பெண்டாட்டி வந்து கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனா."

மெரூன்

அடுத்து மெரூன். இதில் பெண்கள் ஒரு வேலை செய்வார்கள். டின்னருக்குக் கட்டப் போகிற சேலையின் ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு வெட்டி மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புவார்கள். நாங்கள் அதை ஒவ்வொரு கோட்டின் மேலும் வைத்து வைத்துப் பார்ப்போம். கவிதாவும் அனுப்பினாள், தங்கக் கரை போட்ட மெரூன். எங்களிடம் அதே மெரூனில் ஒரு கோட்டு இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று இருந்தேன்.

அது பாலில் விழவில்லை. அந்தக் கோட்டை அதற்கு முந்தின சனிக்கிழமை எடுத்துப் போன மாப்பிள்ளை திருப்பிக் கொடுக்க வந்து, கைப்பேசியில் மேடைப் படங்களைக் காட்டினான். பெண்ணின் சேலை மெரூன், இவன் கோட்டு மெரூன், அலங்காரக்காரர் ஆசையாகத் தொங்கவிட்ட திரையும் மெரூன். மூன்று பேரும் தனித்தனியாகப் பொருத்தம் பார்த்திருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. பெண்ணுக்காவது நகை இருந்தது, எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தது. தினேஷின் ஹாலில் என்ன திரை என்று அலங்காரக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். பெண்ணின் சேலைக்குப் பொருத்தமாக மெரூன்தான் என்று பெருமையாகச் சொன்னார். மெரூனும் போயிற்று.

"படத்துல தலை மட்டும் தனியா நிக்குது அக்கா. தாத்தா பார்த்துட்டு, மாப்பிள்ளை எப்ப வந்து சேருவாருன்னு கேக்குறாரு."

பச்சை

பச்சை வெல்வெட் கோட்டு ஒன்று எங்கள் கண்ணாடி அலமாரியில் ராஜா மாதிரி நிற்கும். அதைத் தினேஷுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று இருந்த நாளில் ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். மகளுக்குக் கல்யாணம் போல என்று அப்பாவுக்கு ஏற்ற அடக்கமான கோட்டுகளை எடுத்துப் போட்டேன். கல்யாணம் அப்பாவுக்கு. லோரி ஓட்டுகிறவர், மனைவி தவறி ஆறு வருடம் ஆகிறது. மகளே பெண் பார்த்து, மகளே நாள் குறித்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அவள் கை நேராகப் பச்சை வெல்வெட்டுக்குப் போனது. போட்டுவிட்டோம், அளவு கச்சிதம். மனிதர் கண்ணாடியைப் பார்க்காமல் என் டேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அஞ்சடிக்குக் கூட்டிப் போனேன். மோட்டார் சைக்கிளில் போன ஒருவன் 'சூப்பர் அங்கிள்' என்று கத்திவிட்டுப் போனான். அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. உள்ளே வந்ததும் மகளுக்குக் கேட்காமல் என்னிடம் மெதுவாகச் சொன்னார். சாம்பல் நிறத்தில் ஒன்று எடுத்துக் கொடுத்து, அதுதான் இப்போதைய ஸ்டைல் என்று மகளிடம் நான் பொய் சொன்னேன். அவர் சொன்னது இது.

"இந்தக் கோட்டு ரொம்ப சந்தோசமா இருக்கும்மா. கொஞ்சம் கம்மியா சந்தோசப்படுற மாதிரி ஒண்ணு இருக்கா?"

நீலம்

தினேஷுக்கு எந்தப் பக்கமும் சாயாத சுபாவம். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை, வாரம் முழுக்கச் சீருடை, உடுப்பில் பெரிய ஆசை கிடையாது. இந்த ஒன்றில் மட்டும் பிடிவாதம். டக்சிடோ டக்சிடோவாகத் தெரிய வேண்டும், பேண்டு வாசிக்கிறவன் மாதிரி இருக்கக் கூடாது. பச்சையைப் போட்டுக் காட்டினான். மெங் வாயில் இருந்த ஊசிகளை எடுத்துவிட்டு, எங்கள் வீட்டு சோஃபா இதே துணிதான் என்றார். சாம்பல் போட்டால் ஆபீஸ் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவன் மாதிரி இருந்தான்.

கடைசியில் அடர்நீலம். அதே வெட்டு, அதே சாட்டின் காலர். அஞ்சடியில் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் நிறுத்தினேன். நீலமென்றால் அப்படி ஒரு நீலம். பூக்கடைக்காரம்மா மாலை கட்டுவதை நிறுத்திவிட்டு, மாப்பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போடச் சொன்னார். படம் எடுத்துச் சம்மந்தியம்மாவுக்கு அனுப்பினேன். கும்பிடுகிற கை மூன்று வரிசை வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மெங் மட்டும் காலரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். டின்னர் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பசியோடு வரப் போகிறாராக்கும் என்று நினைத்து, ஏழரைக்கு, ஆனால் சாப்பாடு வர எட்டரை ஆகும் என்றேன்.

"ஏழரைக்கு வெயில் இருக்காதே அக்கா."

தாய்மாமன் கட்டிய பட்டை

மெங் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம், கடையில் ஒரே கூட்டம். அப்போது ஒருவன் கோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தது, இடுப்பில் கட்டுகிற சாட்டின் பட்டையில் மட்டும் விபூதியும் சந்தனமும் அப்பியிருந்தது. இடுப்புக்கு யார் சந்தனம் வைப்பார்கள்?

கதை இப்படி. அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுவது தாய்மாமன் உரிமை. டெங்கில் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த மாமாவின் வண்டி வழியில் படுத்துவிட்டது. அவர் வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, தலைப்பாகையை யாரோ கட்டி, அவிழ்த்தும் வைத்தாயிற்று. மனிதர் பகல் முழுக்க யாரிடமும் பேசவில்லை. சாயங்காலம் மாப்பிள்ளை உடுத்துகிற அறைக்குப் போனவர் கோட்டுப் பையிலிருந்த பட்டையைப் பார்த்திருக்கிறார். மடிப்பு வைத்த சாட்டின், இரண்டு பக்கமும் கட்டக் கயிறு. தனக்காகத்தான் ஒன்றை மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, மருமகன் நெற்றியில் கட்டிச் சந்தனமும் வைத்துவிட்டார். இவன் அப்படியே டின்னருக்குள் நடந்து வந்தானாம். வீடியோவில் எல்லாரும் சிரிக்கிறார்கள், மாமா மட்டும் நிமிர்ந்து நடக்கிறார். அது எங்கே கட்டுவது என்று கடையில் சொல்லிக் கொடுத்தேனே என்றேன்.

"இடுப்புல கட்டுறதுன்னு எனக்கும் தெரியும் அக்கா. மாமா அழுதுகிட்டே கட்டுனாரு. நான் என்ன செய்யட்டும்?"

ஏழரை மணி

கிள்ளான் ஹால். ஏழரைக்கு விளக்கை அணைத்தார்கள். எம்சி, கருப்புக் கோட்டு போட்ட ஒரு தம்பி, மாப்பிள்ளை பெண் வருகிறார்கள் என்று அறிவித்தான். கதவு திறந்தது, புகை விட்டார்கள், மஞ்சள் விளக்கு விழுந்தது. என் மகன் நடந்து வந்தான்.

கருப்பு. சாதாரணக் கருப்பு இல்லை, எம்சியின் அசல் கருப்புக் கோட்டு இவன் பக்கத்தில் சாயம் போனது போலத் தெரிந்தது. அப்போதுதான் மெங் சொன்னது மண்டையில் இறங்கியது. பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு கோட்டையும் பகல் வெயிலில் பார்த்துப் பார்த்து இரவு டின்னருக்குக் கொடுத்திருக்கிறேன். அடர்நீலம் மஞ்சள் விளக்கில் கருப்பையே தோற்கடிக்கும் என்பது ஒரு நாளும் எனக்குத் தெரிய வேண்டி வரவில்லை. கோட்டை எடுத்துப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து சொல்லவும் இல்லை. ஒரு வேளை அவர்கள் மாமியார்கள் சொல்லியிருப்பார்கள்.

சம்மந்தியம்மா முதல் மேசையிலிருந்து எழுந்து நின்றார். மேடைப் பக்கம் ஓர் அடி கூட வைக்கவில்லை. அதற்குள் மேடை ஏறிவிட்ட கவிதா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள், முகம் சுண்டிப் போயிருந்தது. நான் ஓடினேன். சாதாரணமாக யாரிடமும் கெஞ்சாதவள் அன்று கெஞ்சினேன். கைப்பேசி விளக்கைப் போட்டு, இது கருப்பு இல்லை, நீலம், வேண்டுமானால் கோட்டைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று என்னென்னவோ உளறினேன். அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, களைப்புத்தான்.

"மலரோட அந்த மாப்பிள்ளையும் இதையேதான் சொன்னாரு சம்மந்தி. ஆன்டி, இது கருப்பு இல்ல, நீலம்னு."

படம்

அந்த நேரத்தில் பின்னால் ஒரு சத்தம். மலர் சிரித்தாள். அதுவரை நாள் முழுக்க ஓரமாகவே நின்றவள். மஞ்சள் குங்குமத் தட்டைத் தொடாமல், மேடைப் பக்கம் போகாமல், யாரும் சொல்வதற்கு முன் தானே ஒதுங்கிக்கொண்டவள். நிச்சயம் பேசிய நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. இப்போது வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆமாம்மா, இதே நீலம்தான், மறந்தே போச்சு என்றாள்.

சம்மந்தியம்மா மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். படம் பிடிக்கிறவர் பெண்ணின் அம்மா எங்கே, பெண்ணின் அம்மா எங்கே என்று மேடையிலிருந்து கூப்பிட்டார். அவர் சேலைத் தலைப்பைச் சரி செய்தார், மலரின் மணிக்கட்டைப் பிடித்தார், அவள் வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் இழுக்க இழுக்க மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார். போகிற போக்கில் என் காதருகே நின்று சொன்னார். இத்தனை மாதமும் நான் மூடநம்பிக்கை என்று மனசுக்குள் சிரித்தேனே, அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

"கோட்டு என்ன செய்யும்னு எனக்குத் தெரியாதா? கோட்டு மேல பழியப் போடலைன்னா, ஊரு என் மகள் மேலதானே போட்டிருக்கும்."

நீலக் கோட்டு கேட்டு வருகிற மாப்பிள்ளைகளை இப்போதெல்லாம் நான் அஞ்சடிக்குக் கூட்டிப் போவதில்லை, மாமியாரைக் கூட்டி வரச் சொல்லி, அவர் முன்னால் கடை விளக்கை அணைத்துக் காட்டுகிறேன்.